ஒட்டாத ஊரின் மனு

கரிச்சான்பாளையத்தில் முதலில் ஒட்டாமல் போனது குங்குமம். சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, துவட்டிய துண்டு காய்ந்தே இருப்பதைக் கவனிக்காமல் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள் சாந்தாமணி. மோதிர விரலால் தொட்டு வைத்த பொட்டு, விரலை எடுத்த கையோடு நெற்றியை விட்டுப் புறப்பட்டு, மூக்கோரமாக இறங்கி, மேலுதட்டில் சற்றுத் தயங்கி, பிறகு தரையில் சிந்தியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிந்தியது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே அவள் வேலைக்குக் கிளம்பினாள். தெருவில் எதிர்ப்பட்ட பெண்கள் அத்தனை பேருடைய நெற்றியும் வெறுமையாக இருந்தது. அத்தனை பேரும் அதே கடைக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஊரில் எதுவும் எதிலும் ஒட்டுவதில்லை. புழுதி ஒட்டவில்லை, எண்ணெய் ஒட்டவில்லை, சாணி ஒட்டவில்லை; தண்ணீர்கூட நனைப்பதை மறந்துவிட்டு, உருண்டை உருண்டையாகத் திரண்டு, கோலிக்குண்டு போலத் தரையில் ஓடியது. பெண்கள் அதை மூங்கில் கூடையில் அள்ளி இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வாய்க்குள் போன தண்ணீர் மட்டும் பழையபடி தண்ணீராகவே இருந்து தாகம் தீர்த்தது. அது எப்படி என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தாகம் தீர்ந்தால் சரி என்று இருந்துவிட்டார்கள்.

இதெல்லாம் எதனால் வந்தது என்று தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அது சாந்தாமணி.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரையில் இருந்த பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாக செக்கிங் வேலை. டியூப் லைட் வெளிச்சத்தில் நீண்ட மேசையின் முன்னால் நின்றபடி, தைத்து வரும் குழந்தைச் சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்து, முன்பக்கம் பின்பக்கம் திருப்பி, மிஷின் எண்ணெய்க் கறையா, டீக் கறையா, யாருடைய விரல் வேர்வையா என்று பார்த்துப் பிரித்துப் போடவேண்டும். அவள் கறையைத் தேடுவதில்லை, கறைதான் அவள் கண்ணைத் தேடி வருகிறது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். போன வருஷத்திலிருந்து கம்பெனி அந்தச் சட்டைகளை ஒரு புதுத் தண்ணீரில் முக்கி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. கடல் தாண்டி இருக்கிற குழந்தைகள் பால் கக்கினாலும் சட்டையில் கறை படாதாம்.

குங்குமம் சிந்திய நாளுக்கு ஒன்பது நாள் முன்பு, புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மேனேஜர் ஜெயபால் அவளைக் கூப்பிட்டார்.

"சாந்தாமணிக்கா, இந்தக் கேன்ல அடியில கொஞ்சம் கெடக்குது. நாளைக்கு சரக்கு வாங்கற பையர் ஆளுக ஆடிட்டுக்கு வாராங்க. ஓடையில ஊத்திப்போட்டு, கேனைக் கவுத்து வெச்சிருங்க."

"என்னதுங்க இது?"

"தண்ணிதானுங்க. நானோ தண்ணி. ஒரு தலைமயிரை லட்சம் கூறு போட்டா அதுல ஒரு கூறு எத்தச்சோடு இருக்கும்? அத்தினியூண்டு தூளு உள்ள மிதக்குது. கண்ணுக்கே தெரியாத சாமான் யாரை என்ன பண்ணிப்போடும்?"

கேனின் மேல் ஏழு பாஷைகளில் ஏதோ எழுதியிருந்தது. ஏழில் தமிழ் இல்லை. எழுத்துக்குக் கீழே மல்லாந்த மீன் ஒன்றும் இலையில்லாத மரம் ஒன்றும் சிவப்புக் கட்டத்துக்குள் வரையப்பட்டிருந்தன. பனியன் பெட்டிகளில் மானும் மயிலும் போடுவதைப் போல இதுவும் ஒரு மார்க் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஓடையில் சாய்த்தபோது அது பாலைவிட மெல்லியதாக, ஓசையே இல்லாமல் இறங்கியது. கழுவலாம் என்று கேனுக்குள் பார்த்தால் உள்ளே ஈரமே இல்லை. கடைசித் துளி வரை, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. திரும்பி வந்து கை கழுவி, புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, மணி அடித்ததும் மேசைக்குப் போய்விட்டாள்.

ஊர் அந்த அதிசயத்தோடு பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. வைகாசிக்குள் துணி துவைப்பது நின்றது, பாத்திரம் தேய்ப்பது நின்றது, வாசல் கூட்டுகிறவர்கள் விளக்குமாற்றைத் தரையில் காட்டினாலே குப்பை தானாக உருண்டு அடுத்த தெருவுக்குப் போனது. எந்தக் கல்லிலும் தோசை ஒட்டவில்லை. எழுபது வருஷத்துச் சுவரொட்டிகள் ஒரே வாரத்தில் சுவர்களிலிருந்து கழன்று விழுந்ததில், கீழே இப்படியொரு சுவர் இருந்ததா என்று ஊர் தன் முகத்தையே புதிதாகப் பார்த்தது. கொத்தனார்கள் பூசிய சிமெண்டு இறங்கி வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டதால், வெறும் கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டப் பழகினார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்குப் பதிலாக மஞ்சள் கிழங்கைக் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ரேசன் கடை மிஷினில் யாருடைய ரேகையும் பதியாததால், கடைக்காரர் ஆளின் முகத்தைப் பார்த்து அரிசி போடக் கற்றுக்கொண்டார். ஏழாவது வார்டு இடைத்தேர்தலில் விரலில் வைத்த மை மேசையிலேயே உருண்டு ஓடிவிட்டது. ஒருவர் நான்கு தடவை ஓட்டுப் போட்டார்; நான்கு தடவையும் வேறு வேறு ஆளுக்குப் போட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எல்லாம் ஓடையில்தான் தொடங்கியது என்று எப்படியோ மோப்பம் பிடித்த ஊர், ஓடைக்கரையில் ஒரு கல்லை நட்டு, அதற்கு ஓடையம்மன் என்று பேர் வைத்து, சேலை சுற்றியது. சேலை நழுவி விழுந்துகொண்டே இருந்தது. சந்தனமும் நிற்கவில்லை. எதையும் ஏற்றுக்கொள்ளாத சாமி பெரிய சாமியாகத்தான் இருக்கும் என்று கூட்டம் இன்னும் பெருகியது. வெளியூர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து ஓடைத் தண்ணீரை வண்டிமேல் அள்ளி ஊற்றி, புழுதி படாத காராக ஓட்டிப் போனார்கள். பாட்டிலில் பிடித்துப் போனவர்களும் உண்டு. சாந்தாமணி தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள். எல்லோரும் கும்பிடும்போது அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அது ஊரோடு நிற்கவுமில்லை. பாட்டிலில் போனது பாட்டில் வழியாகவும், கண்டெய்னரில் போனது கப்பல் வழியாகவும் உலகமெல்லாம் இறங்கியது. குளிர்தேசம் ஒன்றில் ஆஸ்பத்திரித் தரையில் ரத்தம் படியவில்லை என்று மாநாடு போட்டுக் கொண்டாடினார்கள். அந்தத் தரைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்களை மாநாட்டுக்குக் கூப்பிடவில்லை. தெற்கே ஒரு தீவில் படகுகளில் பாசி பிடிக்காமல் போனது, பாசியைத் தின்ன வந்த மீன்களும் வராமல் போயின. ஒரு நாட்டில் அதைத் தடை செய்து சட்டம் எழுதினார்கள், எழுதிய காகிதத்திலேயே மை நிற்கவில்லை. பெரிய நாடுகள் அதற்கு உரிமை கொண்டாடி ஒன்றின்மேல் ஒன்று வழக்குப் போட்டன. சின்ன ஊர்களுக்கு அது கேட்காமலே வந்து சேர்ந்தது.

ஆடி பிறந்ததும் ஜெயபால் செக்கிங்கில் இருந்த நாற்பத்திரண்டு பெண்களையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசினார். அவருக்கும் அது பிடித்த காரியமாக இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைக்க எதுவும் இல்லை.

"கறையே படாத துணிக்குக் கறை பாக்க ஆள் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. நான் என்னத்தங்க்கா சொல்றது?"

சாந்தாமணி கடைசியாக ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுடைய கண்ணுக்குச் செய்ய வேலையில்லாமல் போனது. வெளியே வந்து வெயிலில் நின்றபோது, ஒளி எல்லாவற்றின் மேலும் சுத்தமாக விழுந்து வழுக்கிப் போவதைப் போல அவளுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கணவன் ஆறுச்சாமியோடு தோட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தான். அதிகம் பேசாத மனுஷன். சொட்டுநீர்க் குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல், பாத்தியின் மேலேயே மணி மணியாக உருண்டு வரப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் கையால் குழி பறித்து, தண்ணீர் உருண்டையைப் பிடித்து உள்ளே போட்டு, மண்ணை மூடி அமுக்கினான். சிறிது நேரத்தில் அது வேறொரு பக்கமாக மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அவன் மறுபடி பிடித்துப் போட்டான்.

"இந்த மண்ணுக்கு என்ன கேடு வந்துச்சோ, தெரியலையே," என்றான் ஒரு நாள், யாரிடமும் இல்லாமல்.

பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்திருந்த சாந்தாமணிக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் எப்படித் தொடங்குவது? கேனிலிருந்தா, புளிச்சோற்றிலிருந்தா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள். அந்த நாளை ஆவணியையும் தாண்டிப் போனது.

புரட்டாசியில் கோயில் பூசாரியின் மகன், இருபத்தாறு வயது, மின்சாரம் தாக்கி இறந்துபோனான். ஊரே போய் உட்கார்ந்து அழுதது. அழுத கண்ணீர் ஒரு கன்னத்தையும் நனைக்கவில்லை. கண்ணை விட்டுக் கழன்றதும் முத்து முத்தாக உருண்டு, முந்தானையில் நிற்காமல், தரையில் ஓடி, பந்தல் காலைச் சுற்றித் தேங்கியது. விவரம் தெரியாத குழந்தைகள் அதைப் பிடிக்கப் போனார்கள். பிணத்தின் நெற்றியில் வைத்த திருநீறு ஒவ்வொரு தடவையும் சரிந்தது. அந்தத் தாய், சரியச் சரிய வைத்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வரைக்கும் வைத்தாள். யாருக்கும் அவளைத் தடுக்கத் தைரியம் வரவில்லை. வீடு திரும்பியவர்கள் அழுதோம் என்ற நினைப்பே இல்லாமல், கனத்த நெஞ்சைக் கனத்தபடியே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் ஊருக்கு முதன்முதலாக அந்த அதிசயம் கசந்தது. ஓடையம்மனுக்குப் போகிற கூட்டம் அந்த வாரமே பாதியாகக் குறைந்தது.

பிறகு ஐப்பசி மழை வந்தது. நன்றாகத்தான் வந்தது. பத்து வருஷத்தில் அப்படி ஒரு மழை இல்லை. வானத்திலிருந்து விழுந்த ஒவ்வொரு துளியும் மண்ணைத் தொட்டதும் எகிறிக் குதித்து, உருண்டு, மற்ற துளிகளோடு சேர்ந்து, மந்தை மந்தையாக ஊரைக் கடந்து, கீழே இருக்கிற ஊர்களைப் பார்த்துப் போய்விட்டது. மூன்று நாள் மழை பெய்து முடிந்த சாயங்காலம் ஆறுச்சாமி தோட்டத்து மண்ணை ஒரு பிடி அள்ளினான். அது சாம்பலைப் போல உலர்ந்து, விரல் இடுக்கில் ஒழுகியது. வெங்காயத் தாள்கள் நரைத்துக் கிடந்தன. அவன் வரப்பில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான். சாந்தாமணி அவன் பக்கத்தில் நின்றாள். கிணறுகளில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. இனிமேல் மேலே வர வழியில்லை.

பயம் வந்ததும் ஊர் ஆளைத் தேடியது. கம்பெனிக்குப் பின்புறம் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்து வந்து தங்கி வேலை செய்த முப்பது குடும்பங்கள் இருந்தன. அவர்கள்தான் ஓடையில் எதையோ கலக்கினார்கள் என்று ஒருவர் சொல்ல, கலக்குவதைப் பார்த்ததாக இன்னொருவர் சொல்ல, இரண்டு நாளில் அது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயமாகிவிட்டது. தேடிப் பிடித்துக் குற்றம் சொல்ல அவர்கள் வசதியான தூரத்தில் இருந்தார்கள். லைன் வீடுகளின் சொந்தக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அந்த முப்பது வீட்டில் ஒன்று மினதியுடையது. பவர் டேபிள் என்கிற கரண்ட் தையல் மிஷினில் சட்டைக்குக் கை ஏற்றுகிறவள். ஒன்பது வருஷமாக சாந்தாமணியின் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்து தைத்தவள். ஒன்பது வருஷத்தில் தமிழைக் காதால் மட்டும் கற்றிருந்தாள். கொங்கு நாட்டு இழுவை அப்படியே அவள் நாக்கில் இருந்தது. சாந்தாமணி வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, ரெண்டு பித்தளைக் குண்டா இருக்குது. ரயில்ல தூக்கிட்டுப் போக முடியாது. நீங்க வெச்சுக்கறீங்களா?"

"எங்கடி போற?"

"தெரியலைங்க்கா. மொதல்ல கெளம்பறோம். பொறவு பாத்துக்கறோம்."

சாந்தாமணி குண்டாக்களை வாங்கி, தன் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியாக வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஊராட்சித் தலைவி துளசிமணி சமுதாயக் கூடத்தில் கிராம சபையைக் கூட்டினார். கலெக்டருக்கு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. மண்ணைச் சரிசெய்து தரவேண்டும், வேலை போனவர்களுக்கு வழி சொல்லவேண்டும், ஓடையைக் கெடுத்த வெளியூர்க்காரர்கள்மேல் நடவடிக்கை எடுக்கவேண்டும். துளசிமணி பேனாவை எடுத்தார். மை காகிதத்தில் நிற்காமல் உருண்டு மேசையிலிருந்து விழுந்தது. பென்சிலால் எழுதினார்கள், கரித்தூள் உதிர்ந்தது. கைநாட்டு வைத்தார்கள், அது கட்டைவிரலோடு திரும்பி வந்தது. டவுனில் போய் அச்சடித்துக்கொண்டு வந்த காகிதத்தைக்கூட ஊர்க்காரர் ஒருவர் தொட்டதும், எழுத்துகள் கூட்டமாகச் சரிந்து கீழ் ஓரத்தில் போய்க் குவிந்தன.

"ஆயிரத்தைந்நூறு பேரு இருக்கறோம். ஒரு கையெழுத்துக்கு வக்கில்லாமப் போச்சே," என்று துளசிமணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கூடத்தின் வாசலுக்கு வெளியே, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றிருந்தவர்களில் மினதியும் இருந்தாள்.

"அம்மா, எழுதுனாத்தானே நிக்காது," என்றாள். "தைச்சா நிக்கும். நூலு ஒட்டிட்டு நிக்கறதில்லீங்களே. துளைச்சுட்டுல்ல நிக்குது."

யாரைத் துரத்துவதற்காக மனு எழுத முடியாமல் தவித்தார்களோ, அவளே எழுதும் வழியைச் சொன்னதில் பலருக்குத் தலை குனிந்தது. ஆனாலும் வழி வழிதான். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு தையல் மிஷின்கள் கூடத்துக்கு வந்தன. ஒன்பது மீட்டர் வெள்ளைத் துணி வந்தது, கறுப்பு நூல்கண்டு வந்தது. ஊரில் பாதிப்பேர் மிஷின் மிதித்தவர்கள். துளசிமணி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஆளுக்கு ஒரு பத்தியாகத் தைத்துக்கொண்டு போனார்கள். குதிரைக் கூட்டம் ஓடுவதைப் போல மிஷின்கள் இரைந்தன. வணக்கம் தைத்தாயிற்று, மண்ணின் நிலை தைத்தாயிற்று, மழையைப் பற்றி ஆறுச்சாமி சொல்லச் சொல்ல இரண்டு பேர் தைத்தார்கள்.

"அடுத்தது காரணம்," என்றார் துளசிமணி.

"காரணத்தை நான் தைக்கறேனுங்க," என்று சாந்தாமணி எழுந்தாள்.

அவள் செக்கிங்காரிதான் என்றாலும் தைக்கத் தெரிந்தவள். துளசிமணி சொன்ன வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, துணியை ஊசிக்குக் கீழே இழுத்து, தலையைக் குனிந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். சொன்ன வாக்கியத்துக்கு ஆகவேண்டிய நேரத்தைவிட மூன்று மடங்கு நேரம் அந்த மிஷின் ஓடியது. அவள் எழுந்து நூலை வெட்டியதும், துளசிமணி துணியை விரித்து உரக்கப் படித்தார்.

"சித்திரை பத்தொன்பதாம் தேதி மத்தியானம், கம்பெனிக் கேனில் மிச்சம் இருந்ததை ஓடையில் ஊற்றியது நான். ஊற்றச் சொன்னது கம்பெனி. அது என்னவென்று எனக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. நானும் அழுத்திக் கேட்கவில்லை. ஒடிசாக்காரர் யாரும் எதையும் ஊற்றவில்லை. ஆறு மாதம் சொல்லாமல் இருந்ததும் நான். இப்படிக்கு, ஆறுச்சாமி மனைவி சாந்தாமணி."

டீ டம்ளர்கள் எல்லாம் எந்தக் கையில் இருந்தனவோ அந்தக் கையிலேயே நின்றன. பூசாரியின் மனைவி, மகனைப் பறிகொடுத்தவள், சாந்தாமணியைப் பார்த்தாள். திட்டவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை, பார்த்தாள். அதைத் தாங்குவதுதான் சாந்தாமணிக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஏ சாந்தாமணி," என்று துளசிமணி தணிந்த குரலில் சொன்னார். "கம்பெனிக்காரன் உன்மேலயே பழியப் போட்டுத் தப்பிச்சுக்குவான். வேண்டாங்கண்ணு. இந்தப் பத்தியப் பிரிச்சுப் போடலாம்."

"பிரிச்சாலும் ஓட்டை தெரியுமுங்க," என்றாள் சாந்தாமணி.

பிறகு ஆறுச்சாமி எழுந்து வந்தான். கருகின வெங்காயம் முழுவதும் அவன் முகத்தில் இருந்தது. கூட்டத்தில் யாரையும் பார்க்காமல் அவளிடம் மட்டும் கேட்டான். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள்.

அவன் மிஷின் முன்னால் உட்கார்ந்தான். வாழ்நாளில் தையல் மிஷினைத் தொட்டதில்லை. அவள் பேருக்குக் கீழே தன் பேரைத் தைக்கத் தொடங்கினான். 'ஆ'வுக்கே கால்மணி நேரம் ஆயிற்று; சுழியைத் திருப்பத் தெரியாமல் துணியையே சுற்றினான். மினதி உள்ளே வந்து, கேட்காமலே, அவன் கைக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவனுக்குப் பின்னால் பூசாரியின் மனைவி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை தெரு வரைக்கும் போனது. லைன் வீடுகளின் சொந்தக்காரரும் அதில் நின்றார். வெள்ளிக்கிழமை யாரும் காலி செய்யவில்லை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், அந்தத் துணியைப் பாய் போலச் சுருட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கலெக்டர் சின்ன வயசுப் பெண். மேசையில் பாதியைக்கூட விரிக்க முடியாமல் தரையில் விரிக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு, துணியோடு கூடவே நடந்து, குனிந்து, கடைசிப் பேர் வரை படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. மற்ற மனுக்காரர்கள் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். பிறகு பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக முத்திரை குத்தச் சொன்னார். முத்திரை வழுக்கிக்கொண்டு போனது. பச்சை மையால் கையெழுத்துப் போட்டார். அது உருண்டு அவர் கால் விரலில் வந்து நின்றது.

கலெக்டர் நிமிர்ந்தார். "ஊசி இருக்கா?" என்று கேட்டார்.

சாந்தாமணி ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நூல் கோத்து நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் படித்த தையல் மறந்துபோயிருந்தது கலெக்டருக்கு. "இப்பிடிக் குத்தி, இப்பிடி வாங்கோணுமுங்க," என்று சாந்தாமணி காட்டிக்கொடுத்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருக்க, 'பெறப்பட்டது' என்ற ஒற்றைச் சொல், ஊர்ந்து ஊர்ந்து, துணியின் மூலையில் வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லைத் தைத்து முடித்தவரால் அந்த மனுவை மறக்க முடியவில்லை.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. துளசிமணி பயந்தபடியே கம்பெனி முதலில் சாந்தாமணியைத்தான் கைகாட்டியது. ஜெயபால் விசாரணையில் தலையைக் குனிந்துகொண்டு, ஊற்றச் சொன்னது நான்தான், எனக்குச் சொன்னது மேலே, என்று ஒப்புக்கொண்டதில் அது நிற்காமல் போனது. ஓடையின் படுகையைக் கம்பெனி செலவில் ஆள் உயரத்துக்குத் தோண்டி எடுத்தார்கள். அம்மன் கல்லை யாரும் எதிர்க்காமல் நகர்த்தி வைத்தார்கள். இனிமேல் எந்த ஊருக்கு எந்தத் தூள் வந்தாலும், ஊர்ப் பாஷையில் எழுதி, கூட்டத்தில் படித்து, கேட்டுவிட்டுத்தான் இறக்கவேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. சில இடங்களில் அப்படியே நடந்தது, சில இடங்களில் படிக்கிறவர் அவசரமாகப் படித்தார். மண் மெதுவாக, ஒரு வருஷத்துக்கு ஒரு விரற்கடை என்று தண்ணீரை உள்ளே விடத் தொடங்கியது. ஆறுச்சாமி வெங்காயத்தை விட்டுவிட்டு, ஆழமாக வேர் விடுகிற முருங்கைக்கு மாறினான். இரண்டு பேருக்கும் நடுவில் சில மாதங்கள் பேச்சுக் குறைவாக இருந்தது. பிறகு ஒரு நாள், கிணற்றில் தண்ணீர் அரை அடி ஏறியிருப்பதை அவளிடம் சொல்ல அவன் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான்.

மூன்றாவது வருஷம் தையில், கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கரிச்சான்பாளையத்து மனுவின் படம் எங்கெங்கோ போயிருக்கிறது. அதைப் பார்த்து, அதே தண்ணீர் கேட்காமல் வந்து சேர்ந்த ஊர்கள் பல தங்கள் மனுக்களையும் தைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அதே கைகள் தைத்த ஒரு பிரதியை, முதலில் தைத்த ஊருக்கு என்று அனுப்பியிருந்தார்கள். துளசிமணி பெட்டியைச் சமுதாயக் கூடத்தில் வைத்துப் பிரித்தார். கம்பளியில் தைத்தது ஒன்று. மீன்வலை நூலால் பாய்த்துணியில் தைத்தது ஒன்று. அடியில் இருந்தது, எங்கோ ஒரு பெரிய ஆற்றங்கரையில் செருப்புத் தைக்கிற பெண்கள் அனுப்பியது. கொடி கொடியாகப் போன எழுத்து. படிக்க அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. கலெக்டர் ஆபீசிலும் யாரும் இல்லையாம்.

"என்ன சொல்லியிருக்காங்களோ, பாவம்," என்று மடிக்கப் போனார் துளசிமணி.

"குடுங்க, பாக்கறேன்," என்றாள் சாந்தாமணி.

மேசையில் விரித்து, வரி வரியாகப் பார்த்தாள். பிறகு திருப்பினாள். செக்கிங்கில் இருந்தவர்கள் எந்தத் துணியையும் திருப்பாமல் விடமாட்டார்கள். பின்பக்கத்தில் தையல் அழகாக, ஒரே சீராக, பழகின கைகளுடையதாக ஓடிக்கொண்டே இருந்தது. பதினோராவது வரிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. அங்கே நூல் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி அறுந்து மறுபடி முடிச்சு. நாலு எழுத்துக்குள் மூன்று முடிச்சு. ஒரே இடத்தில் ஊசி குத்தி, குத்தி, நகராமல் நின்றிருந்தது. அப்புறம், மூச்சை இழுத்துப் பிடித்ததைப் போல, வரி முடிகிற வரைக்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போயிருந்தது.

"மினதி, இங்க வா. இந்த எடத்தப் பாரு."

மினதி வந்து குனிந்து பார்த்தாள். "என்னங்க்கா எழுதியிருக்குது?"

சாந்தாமணி அந்த முடிச்சுகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நான்தான் ஊத்துனேன்னு எழுதியிருக்கறா."